கட்டிலுக்கு மட்டுமா காப்பீடு?

பண்டிதர் அயோத்திதாசர் நினைவு நாளில் போடிநாயக்கனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பண்டிதரை நாம் வழக்கமாக இதழாளராக நினைத்துக்கொள்கிறோம். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர், பௌத்தத்தை மீட்டெடுத்தவர், நம் வரலாற்றை நம் பக்கமிருந்து எழுதியவர். இதற்கெல்லாம் கீழே அவருக்கு ஒரு தொழில் இருந்தது. அவர் சித்த மருத்துவர். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1914 மே 5இல் மறைந்த ஒரு மருத்துவரின் நினைவு நாளில் மருத்துவம் பற்றிப் பேசுவது பொருத்தம்தானே. அதிலும் நம் சனம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மனசின் நோய் பற்றியும், அதைப் பார்க்க ஆகும் செலவை யார் தருவது என்பது பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காப்பீட்டு அட்டை மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. நோயாளி இழக்கும் கூலிக்கு அது பணம் தராது. மனநோய்க்கு முதல் மருந்தான பேச்சுக்கும் தராது. ஆகவே நமக்கு இரண்டு வேலை இருக்கிறது. சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதை ஒரு பைசா விடாமல் வாங்க வேண்டும். கொடுக்காததைக் கேட்டுப் போராட வேண்டும்.

மலையில் மனசு

மனநோய் என்ற சொல்லோடு நம் ஆட்கள் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. "தூக்கமே வரல", "நெஞ்சு படபடங்குது", "கைகால் உளைச்சல்", "தலைக்குள்ள ஏதோ ஓடுது", "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லித்தான் போகிறார்கள். மருத்துவரும் ஒரு ஊசி போடுகிறார், குளுக்கோஸ் ஏற்றுகிறார், சத்து மாத்திரை எழுதுகிறார். காசு போகிறது, நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு கோடாங்கி. கோடாங்கியிடம் போவதை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். உடுக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு, சொல்லு தாயி" என்று கேட்கிற இடம் நம் பெண்களுக்கு வேறெங்கே இருக்கிறது? ஆனால் அந்த வழி சில நேரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள். பணமும் இல்லாமல் பக்கத்தில் மருத்துவமும் இல்லாமல், ஆற்றாமையில் கொண்டுவந்து விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

இந்த மலைச்சரிவின் ஒரு நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இருட்டு விலகும் முன் எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு நிற்க வேண்டும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏற்ற வேண்டியதைவிடக் கூடுதலாக ஆள் ஏற்றிய ஜீப்பில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், ஏலச்செடியின் தூருக்கடியில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து, அல்லது மருந்து அடித்து, மறுபடி அதே வளைவுகளில் இறங்கி வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையில் கொடுக்கிறார்கள். சீட்டு கொடுக்கும் நேரத்தில் நம் பெண்கள் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

காயம் இல்லாத ஊரல்ல இது. 1989 செப்டம்பரில் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த குழந்தைகளுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டுகிறது. 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் 23 பேர் மாண்டார்கள். அந்த இரவில் மேலே ஏறிப் போய், வெந்தவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்களில் நம் மலை மக்களும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் தமிழ்நாடு. ஒவ்வொன்றுக்கும் பிறகு அரசு செத்தவர்களை எண்ணியது. உயிரோடு இருந்து, இரவில் திடுக்கிட்டு எழுகிறவர்களை எண்ணுவதற்கு ஒரு பதிவேடு திறக்கப்படவில்லை.

நாடு தழுவிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் சொன்னது. பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கால் முறிந்து, கட்டுப் போடாமல் கிடந்தால் அதைக் கொள்ளைநோய் என்று சொல்வோம். மனசு முறிந்தால் அவரவர் தலையெழுத்து என்கிறோம்.

அம்பேத்கரின் துறையும் விடுபட்ட தோட்டமும்

காப்பீடு என்பது முகவர் வந்து விற்கும் பொருள் என்றே நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். இந்தியாவில் தொழிலாளிக்கான நலக் காப்பீட்டின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். அந்தக் காலத்தில்தான் பேராசிரியர் அடார்க்கர் ஆலைத் தொழிலாளர்களுக்கான நலக் காப்பீடு பற்றி ஆராய அமர்த்தப்பட்டார். 1944இல் அறிக்கை வந்தது. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஆனது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான்.

அந்தத் திட்டம் ஒரு உண்மையைப் பிடித்திருந்தது. தொழிலாளி படுத்தால் நோய் மட்டும் வருவதில்லை, கூலியும் நின்றுபோகிறது. ஆகவே இ.எஸ்.ஐ. மருந்தும் தருகிறது, படுத்த நாளுக்குப் பணமும் தருகிறது. சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு. நீண்டநாள் நோய்கள் 34 கொண்ட பட்டியலில் இருப்பவற்றுக்கு இரண்டு ஆண்டு வரை 80 விழுக்காடு. அந்தப் பட்டியலில் மனச்சிதைவு நோய் இருக்கிறது, கடும் மனச்சோர்வு இருக்கிறது. மருத்துவமனையில் கட்டில் போட்டுப் படுத்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது, புறநோயாளிக்கும் சிகிச்சை உண்டு. இதற்குத் தொழிலாளி கட்டுவது ஊதியத்தில் 0.75 விழுக்காடு. முதலாளி 3.25 விழுக்காடு.

இவ்வளவு நல்ல திட்டம் ஏலமலைக்கு ஏன் ஏறவில்லை? அது ஆலைக்காக எழுதப்பட்டது. தோட்டத்துக்கு 1951இல் தனிச் சட்டம் போட்டார்கள். தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா என்று பயிரைச் சொல்லி, பின்னர் ஏலக்காயையும் சேர்த்து, தோட்ட முதலாளி மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் அது தோட்டம். ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக்கு இன்றும், இன்னொன்றுக்கு நாளையும் ஜீப்பில் போகும் தினக்கூலிக்கு எந்த முதலாளி மருத்துவமனை கட்டுவார்? 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்கிறது. 'விரும்பினால்' என்ற அந்த ஒரு சொல்லில் நம் ஆயிரக்கணக்கான பெண்களின் உடம்பும் மனசும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மலைக்குப் போகாமல் போடியிலேயே கிடங்குகளில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களின் நிலை வேறு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவாக இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகின்றன. ஊதிய உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். எந்தக் கிடங்கில் எத்தனை பேர், யாருக்குப் பிடித்தம் நடக்கிறது, யாருக்கு எண் இருக்கிறது என்று கணக்கெடுப்பதை இந்த அரங்கில் இருக்கும் சமூகவியல் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடித்துவிடலாம்.

அட்டை எங்கே திறக்கும், எங்கே மூடும்

இ.எஸ்.ஐ. எட்டாத நம்மவர்களுக்கு இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இந்த அட்டை நம் சனத்தின் உயிரைக் காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால் மனசுக்கு? ஒன்றிய அரசின் சிகிச்சைத் தொகுப்புப் பட்டியலில் மனநோய்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அவை அரசு மருத்துவமனைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உள்நோயாளியாகச் சேர வேண்டும். புறநோயாளிச் செலவை அந்தத் திட்டம் ஏற்காது. மனச்சோர்வும் பதற்றமும் இழப்பின் அதிர்ச்சியும் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கட்டில் தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ தொடர வேண்டும். ஊருக்குத் தகுந்தாற்போல் இதைக் கவுன்சலிங் என்கிறோம், உளவளத் துணை என்கிறோம், உளவியல் சிகிச்சை என்கிறோம். இதற்கு அட்டை திறப்பதில்லை. நோய் முற்றி, ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் நிலை வந்தபிறகு திறக்கிறது.

முடியாது என்பார்கள். முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் புறநோயாளிச் சிகிச்சைக்கும் தொடர் தெரபிக்கும் போக்குவரத்துக்கும் பணம் உண்டு. ஜெர்மனியில் 1883இல் தொழிலாளர் நோய்க் காப்பீடு வந்தது. அந்தக் காப்பீடு 1967 முதல் உளவியல் சிகிச்சைக்கும் பணம் கட்டுகிறது. பேச்சுக்குக் காப்பீடு தரலாம் என்பது தெரிந்த சங்கதிதான். யாருடைய பேச்சுக்கு என்பதில்தான் தயக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது

2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. இதன் சில பிரிவுகளைச் செயல்பாட்டாளர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிவு 18 மனநலச் சிகிச்சையை உரிமை என்கிறது. பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் சாதியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிறுவனங்களில் காசில்லாமல் சிகிச்சை பெறலாம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மனநலச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறொரு மனநலச் சேவையை நாடலாம். அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தெந்தச் சேவை, எந்தெந்த நாளில், எத்தனை உளவியலாளர்களோடு நடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போராட்டத்துக்கு முதல் காகிதம் கிடைத்துவிடும்.

பிரிவு 21, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் எல்லா நிறுவனங்களுக்கும் இதைச் சொன்னது. அப்போதும் மறுத்தார்கள். 2021 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், மனநோய்க்கு மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண்ணின் கோரிக்கையை நிராகரித்தது தவறு, சட்டம் வந்த நாள் முதல் இந்த உரிமை இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. 2022 அக்டோபர் 31க்குள் எல்லாக் காப்பீடுகளும் மனநோயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையம் மறுபடியும் கெடு வைத்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டம் கேட்பது சமத்துவம் மட்டுமே. உடல்நோயின் புறநோயாளிச் செலவுக்குப் பணம் தராத பாலிசி, மனநோயின் புறநோயாளிச் செலவுக்கும் தராது. சுழியத்துக்குச் சுழியம் சமம். ஆகவே சட்டம் நம் பக்கம் இருந்தும் கவுன்சலிங் கட்டணம் நம் மடியிலிருந்தே போகிறது.

பிரிவு 3 பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு வழக்கங்களுக்குக் கட்டுப்படவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணைப் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லிப் பூட்டி வைக்கும் ஊர்களுக்கு இந்த வரியைச் சுவரில் எழுத வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

அட்டை இல்லாத குடும்பங்கள் குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993 இலவச எண். அட்டை இல்லை என்பதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு அட்டை தேவையில்லை. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஊர் மருத்துவமனைக்கு வருகிறார் என்று போடி அரசு மருத்துவமனையில் கேட்டு, அந்தக் கிழமையை நம் தெருக்களில் எழுதிப் போடலாம். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் முதல் நாளே காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

நடுராத்திரியில் ஒருவர் உயிரை வெறுத்துப் பேசினால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். 104 எண்ணும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழக்குக்குப் பயந்து தாமதிக்காதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்று 2017 சட்டத்தின் பிரிவு 115 சொல்கிறது.

படித்து முடித்துச் சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போயிருக்கும் நம் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நிறுவனக் காப்பீடு இருக்கும். அதில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறதா, கவுன்சலிங் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்சலரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். பில்லில் அவருடைய பதிவு எண், தேதி, கட்டணம் மூன்றும் இருக்கட்டும். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த பரிந்துரைச் சீட்டு இருந்தால் மறுப்பது கடினம். சொந்தமாகப் பாலிசி எடுக்கும்போது பழைய சிகிச்சையை மறைக்காதீர்கள். மறைத்தால் அதையே காரணமாக்கிக் கைவிரிப்பார்கள். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். மேலாளருக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு, பிரிவு 23 இரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 155255 என்ற எண்ணில் ஒழுங்குமுறை ஆணையத்திலும் முறையிடலாம்.

குடியும் காப்பீடும்

ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. நம் தெருவில் மனசின் நோய்க்கு ஆண்கள் எடுத்துக்கொள்ளும் மருந்து குடி. அந்தக் குடியின் நோய்க்குப் பெண்கள் கொடுக்கும் விலை அடியும் கடனும். மதுப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகள் மனநோயின் வரையறைக்குள் வரும் என்று 2017 சட்டம் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆணையம் அனுமதித்திருக்கும் விலக்குப் பட்டியலில் 12ஆவது, மது மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை. சட்டம் நோய் என்கிறது, பாலிசி கெட்ட பழக்கம் என்கிறது. 2003 நவம்பர் முதல் சில்லறையாகச் சாராயம் விற்பது அரசின் டாஸ்மாக். விற்பவர் அரசாக இருக்கும்போது, குடிமீட்புச் செலவை அரசுக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று கேட்பது பிச்சை ஆகாது.

எதிரே உட்காருபவர் யார்

காசு கிடைத்துவிட்டால் போதுமா? நம் மாணவர் ஒருவர் விடுதியில் நடந்த அவமானத்தைச் சொல்லி அழும்போது, எதிரே இருப்பவர் "அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க, பாசிட்டிவா இருங்க" என்றால், அந்த ஒரு மணி நேரம் இன்னொரு அவமானம். வேறு சிலர் முதல் கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார்கள். சாதி நோயாளியின் தலைக்குள் இருக்கும் கற்பனை என்பதுபோல் நடத்தும் சிகிச்சை, நோயை ஊரிலிருந்து எடுத்து நம் மேல் ஏற்றிவிடுகிறது. 2016 ஜனவரி 17இல் ரோகித் வெமுலாவை இழந்தபோது நாடே பேசியது. அவருக்குக் கவுன்சலிங் கொடுத்திருந்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு நம் பதில் இதுதான்: குற்றம் செய்தவரை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது மருத்துவம் ஆகாது.

இயக்கத்துக்குள்ளும் ஒரு குரல் இருக்கிறது. மனநலம் பேசுவது நடுத்தர வர்க்கச் சொகுசு, அது போராட்டக் கோபத்தைத் தணித்துவிடும் என்று. அந்தக் கவலையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வன்கொடுமை வழக்கில் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறும் பெண்ணைப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் நடந்ததை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு தூங்கினால்தான் மறுநாள் சாட்சிக் கூண்டில் நிற்க முடியும். அவருடைய மனசைக் காப்பாற்றுவது வழக்கைக் காப்பாற்றுவது. நம் தோழர்கள் எத்தனை பேர் எரிந்து, சோர்ந்து, குடியில் விழுந்து களத்தைவிட்டுப் போனார்கள் என்று நமக்குத் தெரியும்.

சரி, நம்மைப் புரிந்துகொள்ளும் ஆட்களுக்கு எங்கே போவது? அந்த ஆய்வின் காலத்தில் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75தான். கோவாவில் 'சங்கத்' அமைப்பு, பட்டம் பெறாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தது. பலன் கிடைத்ததை 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவமனை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள். நம் தெருவிலிருந்து படித்து வந்த பெண்கள், காய் எடுத்த கையின் வலி தெரிந்தவர்கள், இந்தப் பயிற்சிக்குத் தகுதியானவர்கள். அவர்களுக்குச் சம்பளமும் இருக்க வேண்டும்.

நாம் கேட்பது

ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குறைந்தது பன்னிரண்டு அமர்வு கவுன்சலிங், கட்டிலில் படுக்காமலே கிடைக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் நாளுக்குக் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர வேண்டும். அடார்க்கர் அறிக்கைக் காலத்தில் ஆலைத் தொழிலாளிக்கு நியாயமாக இருந்தது இன்று ஏலத்தோட்டத் தொழிலாளிக்கும் நியாயம்தான். எத்தனை ஹெக்டேர் என்று பார்க்காமல், முதலாளியின் விருப்பத்துக்கு விடாமல், தோட்டக் கூலிகளை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசினால் எல்லை தாண்டும் தொழிலாளிக்கு வழி பிறக்கும். குடிமீட்பு காப்பீட்டுக்குள் வர வேண்டும். ஜீப் இறங்கும் நேரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமையும், போடியில் ஒரு மனநலப் பிரிவு திறந்திருக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. அந்தப் பெண் ஊழியர் வாசலில் நின்று, "தூங்குறீங்களா அக்கா?" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு போக எவ்வளவு செலவாகிவிடும்?

பண்டிதர் தன் இதழுக்கு ஒரு பைசா விலை வைத்தார். அறிவு எட்டாக்கை விலையில் இருந்தால் அது நமக்கு இல்லை என்பதைத் தெரிந்தவர் அவர். மருத்துவத்துக்கும் அதே கணக்குதான். இந்தக் கூட்டம் கலைவதற்கு முன், உள்ளே ஒரு மேசை போட்டிருக்கிறோம். காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், இல்லாதவர்கள், இ.எஸ்.ஐ. எண் வேண்டும் என்பவர்கள் விவரத்தைப் பதிந்துவிட்டுப் போங்கள். மனசு சரியில்லை என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு பக்கத்து அறையில் தோழியர் இருவர் இருக்கிறார்கள். அங்கே பேர் எழுத வேண்டியதில்லை.